முதலில் அந்தப் பாட்டை முடி

அன்புள்ள தம்பிக்கு,

எஃப்எல் ஸ்டூடியோவை விட்டு லாஜிக்குக்குப் போகலாமா, கியூபேஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். மேக்புக்குக்காகக் கடன் வாங்கும் யோசனையும் இருக்கிறது என்கிறாய். நான் திருப்பி ஒன்று கேட்கிறேன். இப்போது கையில் இருக்கும் மென்பொருளில் உன்னால் முடியாமல் நிற்கும் வேலை எது? அதைப் பெயர் சொல்லிக் காட்டினால் மேலே பேசலாம்.

"சவுண்ட் பளிச்சென்று இல்லை" என்பது காரணமே ஆகாது. ஒரே வேவ் ஃபைலை இரண்டு மென்பொருளில் போட்டு, ஃபேடர், பேன் அமைப்புகளை ஒரே மாதிரி வைத்து, ப்ளகின் எதுவும் இல்லாமல் பவுன்ஸ் செய்து பார். ஒன்றின் ஃபேஸைத் திருப்பி இரண்டையும் சேர்த்து ஓட்டினால் எதுவும் கேட்காது. பளிச்சென்று கேட்பது அரேஞ்ச்மென்ட்டிலும் மைக் வைக்கும் இடத்திலும் இருக்கிறது.

நியாயமான காரணங்களும் உண்டு. குறும்படத்துக்குப் பின்னணி இசை செய்கிறாய், படத்தோடு டெம்போவைக் கட்டிப்போடுவது இப்போதைய மென்பொருளில் பெரும்பாடாக இருக்கிறது என்றால் மாறு. மிக்ஸிங் ஸ்டூடியோவில் ப்ரோ டூல்ஸ்தான் இருக்கிறது என்பதற்காக மட்டும் மாறாதே. அவர்களுக்கு ஸ்டெம் கொடுத்தால் போதும்.

பணக் கணக்கையும் பார்த்துவிடு. எஃப்எல் ஸ்டூடியோவை ஒருமுறை வாங்கியவருக்கு ஆயுள் முழுக்க அப்டேட் இலவசம். கியூபேஸில் பெரிய வெர்ஷன் வரும்போது தனியாகக் கட்ட வேண்டும். ரீப்பரின் தனிநபர் உரிமம் 60 டாலர். லாஜிக் மலிவுதான், ஆனால் ஆப்பிள் சாதனம் இல்லாமல் ஓடாது. லாஜிக்கை உருவாக்கிய எமேஜிக் நிறுவனத்தை 2002இல் ஆப்பிள் வாங்கியதும் லாஜிக்கின் விண்டோஸ் வெர்ஷனை நிறுத்திவிட்டது. அன்று விண்டோஸில் லாஜிக் வைத்து வேலை செய்துகொண்டிருந்தவர்களை நினைத்துப் பார். 2017இல் கிப்சன் நிறுவனம் சோனார் என்ற இசை மென்பொருளைக் கைவிட்டது. மறு ஆண்டு பேண்ட்லேப் அதை வாங்கியதால் பிழைத்தது. 2019இல் மேக்கின் கேட்டலினா இயங்குதளம் வந்ததும் 32 பிட் ப்ளகின்கள் ஒரேயடியாக நின்றுபோயின. எந்த மென்பொருளை நம்பினாலும் இந்த ஆபத்து உண்டு.

அதனால் மாறினாலும் மாறாவிட்டாலும் ஒரு வேலையை உடனே செய். முடித்த ஒவ்வொரு பாட்டின் எல்லா ட்ராக்கையும் முதல் பாரிலிருந்தே தொடங்கி 24 பிட் வேவாக எடுத்து வை. எஃபெக்ட் போட்டது ஒன்று, போடாதது ஒன்று. டெம்போவையும் சுருதியையும் ஃபோல்டர் பெயரிலேயே எழுது. மிடி ஃபைலையும் சேர்த்து வை, ஆனால் அதை மட்டும் நம்பிவிடாதே.

ஏன் என்று சொல்கிறேன். நம் இசைக்கு இது உயிர்நாடியான விஷயம். பிட்ச் பெண்ட் மிடியில் 16,384 படிகளாகப் பதிவாகிறது. அந்தப் படிகள் எத்தனை அரைச்சுர தூரம் என்பதை முடிவுசெய்வது வாத்திய ப்ளகின். நீ நாதஸ்வர ஒலிக்கு 12 அரைச்சுரம் வைத்துத் தோடி வாசித்திருப்பாய். புதிய இடத்தில் வாத்தியம் வழக்கமான 2 அரைச்சுரத்தில் திறக்கும். மத்யமத்தை எட்டித் தொட வேண்டிய காந்தாரம் இருந்த இடத்திலேயே லேசாக நடுங்கி நின்றுவிடும். நோட்டுகள் எல்லாம் சரியாக இருக்கும், ராகம் மட்டும் இருக்காது. வேவாக எடுத்து வைத்திருந்தால் அந்தக் கமகம் எங்கே போனாலும் அப்படியே இருக்கும்.

அப்கிரேடுக்கும் இதே கவனம் வேண்டும். நடுவேலையில் வெர்ஷன் மாற்றாதே. புதியதில் சேவ் செய்த ப்ராஜெக்ட் பழையதில் திறக்காமல் போகலாம், அதனால் வேறு பெயரில் சேவ் செய். பழைய வெர்ஷனைக் கொஞ்ச நாள் கணினியிலேயே விட்டுவை. வாங்கும் முன் இலவச ட்ரையலில் ஒரு முழுப் பாட்டைத் தொடக்கத்திலிருந்து மிக்ஸ் வரை செய்து பார். டெமோ வீடியோ பார்ப்பது இதற்கு ஈடாகாது. விரல்கள் பழைய ஷார்ட்கட்டை மறந்து புதிதாகப் பழகும் வரை பாட்டு செய்யும் வேகம் குறையும். அந்தக் காலத்தைத் தாங்க உன் கையில் அவசர வேலை இல்லாத மாதமாகப் பார்.

உன் கடிதத்தைப் படித்தவரை, நீ நிற்பது மென்பொருளால் அல்ல. நீ செய்துகொண்டிருக்கும் அம்மன் பாட்டின் சரணம் இன்னும் அமையவில்லை, அதனால்தான் நிற்கிறாய். மேக்புக்குக்காகக் கடன் வாங்காதே. இருக்கிற எஃப்எல் ஸ்டூடியோவிலேயே சரணத்தை முடித்து, ஸ்டெம்களோடு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்