படமும் அட்டவணையும்: ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கைநழுவும் மதிப்பெண்கள்



மேற்படிப்புக்கும் நர்ஸ் வேலைக்கும் வெளிநாடு செல்ல நினைக்கும் நம் பிள்ளைகள் பலர் ஐஇஎல்டிஎஸ் தேர்வு எழுதுகிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் குடும்பங்களும் உண்டு. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய, இத்தேர்வின் ரீடிங் பகுதியில் 7 பேண்ட் தேவை. அதற்கு 40 கேள்விகளில் ஏறத்தாழ 30 சரியாக இருக்க வேண்டும். ஓரிரு விடைகள் தவறினாலும் மறுபடி கட்டணம் கட்ட நேரலாம்.

இந்தப் பகுதியில் படத்தையோ அட்டவணையையோ நிரப்பச் சொல்லும் கேள்விகள் வருவதுண்டு. நன்றாக ஆங்கிலம் அறிந்த பிள்ளைகளும் இங்கே மதிப்பெண்ணை இழக்கிறார்கள். விடை தெரிந்திருந்தும் கேட்டபடி எழுதாததே காரணம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தமிழகத்தில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் மாடித் தண்ணீர் குழாய் வழியே வடிகட்டும் தொட்டிக்கு இறங்குவதை நாம் பார்க்கிறோம். இதைப் பற்றிய பத்தியில், 'எ லேயர் ஆஃப் கோர்ஸ் சாண்ட்' வழியாகத் தண்ணீர் வடிகிறது என்று இருக்கிறது. படத்தில் 'லேயர் ஆஃப்' என்று அச்சிட்டு, பக்கத்தில் கோடு விட்டிருக்கிறார்கள். இரண்டு சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது என்பது கட்டளை. 'கோர்ஸ் சாண்ட்' என்றால் சரி. முன்னால் 'தி' சேர்த்தால் மூன்று சொல், தவறு. 'லேயர் ஆஃப்' என்பதைத் திரும்ப எழுதினாலும் தவறு.

பிள்ளைகள் இந்த வரிசையில் பழகட்டும்:

1. முதலில் கட்டளையைப் படிக்கவும். எத்தனை சொல், எண் எழுதலாமா என்று பார்த்து அடிக்கோடிடவும்.

2. அட்டவணையின் தலைப்பு, நிரை, நிரல் மூன்றையும் பார்க்கவும். கோடிட்ட இடம் கேட்பது ஆண்டா, பொருளா, இடமா என்று ஊகிக்கவும்.

3. பெயர், ஆண்டு, அளவு போன்றவற்றைக் கொண்டு பத்தியில் இடத்தைத் தேடவும். படத்துக்கான விடைகள் பெரும்பாலும் பத்தியின் ஒரே பகுதியில் இருக்கும். ஆனால் வரிசையாக வரும் என்று நம்ப வேண்டாம்.

4. பத்தியில் உள்ள சொல்லையே எடுத்து எழுதவும். அதே பொருள் தரும் வேறு சொல் வேண்டாம். பன்மைக்குரிய 'எஸ்' விட்டாலும், எழுத்துப்பிழை இருந்தாலும் மதிப்பெண் இல்லை.

5. எந்த இடத்தையும் காலியாக விட வேண்டாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

மூன்று பத்திகளுக்கும் சேர்த்து 60 நிமிடம்தான். தாளில் எழுதும் தேர்வில், விடைத்தாளில் பெயர்த்து எழுதத் தனி நேரம் கிடையாது. ஆகவே பத்திக்கு 20 நிமிடம் வைத்து வீட்டிலேயே பழக வேண்டும்.

பெற்றோர்களே! 'நமக்கு ஆங்கிலம் வராதே' என்று ஒதுங்க வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம் முடிந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். விடையில் எத்தனை சொற்கள் என்று எண்ணுங்கள். பத்தியில் உள்ள எழுத்துகளும் பிள்ளை எழுதிய எழுத்துகளும் ஒன்றுதானா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எழுத்தை அடையாளம் காணத் தெரிந்தாலே போதும். உம்மாவும் இந்தப் பாடத்தில் ஆசிரியராகலாம். தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம் தினமும் ஒரு பத்தி இப்படிப் பார்த்தால், தெரிந்த விடைக்குரிய மதிப்பெண் இன்ஷா அல்லாஹ் கைநழுவாது.