பின்சில்லு வழுக்க, கார் திரும்ப

கேள்வி: பந்தய கேமில் பின்சில்லு இழுவைக் காரை ட்ரிஃப்ட் பண்ணப் பழகுவது எப்படி? வளைவில் ஒவ்வொரு முறையும் கார் சுற்றி நின்றுவிடுகிறது. (வாசகர், கல்லடி, மட்டக்களப்பு)

பதில்: பின்சில்லுகளின் பிடியை வேண்டுமென்றே விடுவித்து, காரைப் பக்கவாட்டில் சரியவிட்டபடி வளைவைக் கடப்பதே ட்ரிஃப்ட். ஜப்பானிய மலைப்பாதைகளில் வளர்ந்த இந்தக் கலையைப் புகழ்பெறச் செய்தவர் கெய்ச்சி சுச்சியா. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட டொயோட்டா ஏஇ86, ‘கிரான் டூரிஸ்மோ 7’ கேமிலும் உண்டு. எடையும் வலுவும் குறைந்த அந்தக் கார்தான் பழகுவோருக்கு ஏற்றது. வலுமிக்க கார்கள் தவறைத் திருத்த நேரமே தருவதில்லை. மட்டக்களப்பில் ஓடும் ஹயஸ் வானும் ஓட்டோவும் பின்சில்லு இழுவைதான். மாரிமழையில் அவற்றின் பின்பக்கம் விலகுவதும் இதே இயக்கம், ஆனால் வீதியில் அது விபத்து.

முதலில் டிராக்ஷன் கன்ட்ரோலை நிறுத்தி, கியரை மேனுவலுக்கு மாற்ற வேண்டும். இரண்டாம் கியரில் வளைவை நெருங்கி, பிரேக்கை இலேசாகத் தொட்டால் பாரம் முன்சில்லுகளுக்கு வரும், பின்பக்கம் இலகுவாகும். ஸ்டியரிங்கை உள்ளே திருப்பியதும் ஹேண்ட்பிரேக்கை ஒரு கணம் இழுத்துவிட்டால் சறுக்கல் தொடங்கும்.

கார் சுற்றுவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். பின்பக்கம் விலகத் தொடங்கும்போதே ஸ்டியரிங்கைச் சறுக்கும் திசைக்குத் திருப்ப வேண்டும். விலகிய பின் திருப்பினால் பிந்திவிடும். அக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் கார் சுற்றும். சட்டென விட்டாலோ பிடி திரும்பி, கார் மறுபக்கம் வெட்டித் திரும்பும். பாதி மிதியில் வைத்து, கோணம் கூடினால் சற்றுத் தளர்த்தி, குறைந்தால் சற்றுக் கூட்டுவதே சரி. அகன்ற வெளியில் வட்டமும், பிறகு எட்டு வடிவமும் போட்டுப் பழகியபின் வளைவுகளுக்குப் போகலாம்.