நால்வர் ஓடிய ஓட்டம்

மதுரை மாநகருக்குக் கிழக்கே சமவெளியில் அமைந்த சிற்றூர் சக்கிமங்கலம். வீ. ரேவதி அவ்வூரினர். இளமையிலேயே தந்தையையும் தாயையும் இழந்த அவரையும் அவர்தம் தங்கையையும் பாட்டியார் எடுத்து வளர்த்தார். வயல்களிலும் செங்கற் சூளைகளிலும் கூலிக்கு உழைத்தே அவர் அவ்விருவரையும் காத்தார். சிறுமியரையும் வேலைக்கு அனுப்புமாறு உற்றார் சிலர் கூறியபோது அம்மூதாட்டி இணங்கவில்லை. அரசு விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தார். இந்தியாவின் தொடரோட்ட அணி ஒன்றின் ஆயத்தம் எங்கே தொடங்கிற்று என்று வினவினால், அச்சூளையின் அருகே என்று விடை கூறினும் தவறாகாது.

பள்ளி மாணவியாய் ரேவதி வெறுங்காலுடன் ஓடுவதைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன் கண்டார். பயிற்சி அளிக்க முன்வந்தார். பாட்டியார் தயங்கினார். நாள்தோறும் நகருக்குச் சென்றுவரப் பேருந்துக் கட்டணம் வேண்டுமே! கூலியுழைப்பாளர்க்கு அது சிறு கவலையன்று. கண்ணன் அவரிடம் எடுத்துக் கூறி இசைவு பெற்றார். மதுரை லேடி டோக் கல்லூரியிலும் விடுதியிலும் ரேவதிக்கு இடம் கிடைக்கச் செய்தார். அதன் பின்னும் சில காலம் போட்டிகளில் வெறுங்காலுடனேயே ஓடினார் ரேவதி.

பின்னர் அவர் பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சி முகாமை அடைந்தார். பழைய மோதிபாக் அரண்மனையில் 1961ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது அந்நிறுவனம். நூறு மீட்டரும் இருநூறு மீட்டரும் ஓடிவந்த ரேவதியை நானூறு மீட்டர் ஓட்டத்திற்கு மாறுமாறு பயிற்சியாளர் கலினா புகாரினா பணித்தார். இம்மாற்றம் எளிதன்று. நூறு மீட்டரில் முழு விரைவையும் கொட்டிவிடலாம். நானூறு மீட்டரில் அவ்வாறு செய்பவர் கடைசி நூறு மீட்டரில் கால்கள் இரும்பாய்க் கனக்கக் காண்பர். விரைவை அளந்து செலவிடும் திறம் பல திங்கள் பழகினாலன்றி வாராது.

ஆடவர் இருவரும் மகளிர் இருவரும் ஆளுக்கு நானூறு மீட்டர் ஓடும் கலப்புத் தொடரோட்டம் டோக்கியோ ஒலிம்பிக்கிலேதான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதில் ஓடும் உரிமையை இந்தியாவுக்கு ஈட்டித் தந்தவர்கள், 2019இல் தோகா நகரில் நடந்த உலகப் போட்டியில் இறுதிச் சுற்றை எட்டிய நால்வர். அவ்வுரிமை நாட்டிற்கு உரியதேயன்றி ஓடியவர்க்கு உரியதன்று. பெருந்தொற்றினால் ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப் போயிற்று. 2021 ஜூலைத் தொடக்கத்தில் பட்டியாலாவில் மகளிர்க்குத் தேர்வோட்டம் நடந்தது. ரேவதி 53.55 விநாடியில் முதலாவதாக வந்தார். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த சுபா வெங்கடேசன் 54.26 விநாடியிலும், தனலட்சுமி 54.27 விநாடியிலும் வந்தனர். ஒரு விநாடியில் நூற்றிலொரு பங்கு! அதனால் சுபா ஓடுபவரானார். தனலட்சுமி மாற்று வீராங்கனையானார். தோகாவில் ஓடிய நால்வருள் முகமது அனஸ் ஒருவரே இவ்வணியில் நின்றார். ஆரோக்கிய ராஜீவ் நான்காமவர்.

நால்வர் விரைவாக ஓடினால் மட்டும் தொடரோட்டம் கைகூடாது. கைத்தடியை இருபது மீட்டர் எல்லைக்குள் மாற்றியாக வேண்டும். முன்னவர் களைத்துத் தள்ளாடி வருவார். பின்னவர் திரும்பி நோக்கி, அவர் களைப்பை மதிப்பிட்டு, அதற்கேற்பப் புறப்படுதல் வேண்டும். முந்திப் புறப்பட்டால் தடி எட்டாது. பிந்தினால் விரைவு கெடும். ரேவதி ஓடிய இரண்டாம் சுற்றிற்கு மற்றோர் அருமையும் உண்டு. முதல் வளைவு முடியும் வரை தம் தடத்திலேயே ஓடிப் பின்னரே உட்புறம் சேரலாம். அவ்விடத்தில் எண்மர் ஒருங்கே நெருங்குவர். முழங்கை படாமல், அடி தவறாமல் இடம் பிடிப்பதைத் தனியே ஓடிப் பழகுதல் இயலாது. பலர் கூடி ஓடியே பழக வேண்டும். தேர்வோட்டத்திற்கும் பந்தயத்திற்கும் இடையே முழுமையாக நான்கு வாரங்கூட இல்லை.

ஜூலை 30ஆம் நாள் டோக்கியோவில் அனஸ், ரேவதி, சுபா, ராஜீவ் என்னும் வரிசையில் நால்வரும் ஓடினர். 3 நிமிடம் 19.93 விநாடியில் முடித்துத் தம் பிரிவில் எட்டாவதாக வந்தனர், கடைசியிடம் அதுவே. தோகாவில் தகுதிச் சுற்றை முடித்த அணியின் நேரம் 3 நிமிடம் 16.14 விநாடி. மூன்றே முக்கால் விநாடிக்குச் சற்று மேலான அவ்வேறுபாட்டை மறைத்துக் கூறுவதால் பயனில்லை. ஒரு வாரம் கழித்து, அனஸும் ராஜீவும் இடம்பெற்ற ஆடவர் அணி 3 நிமிடம் 0.25 விநாடியில் ஓடி ஆசியச் சாதனை படைத்தும் இறுதிச் சுற்றை எட்டவில்லை. உலக அரங்கின் அளவுகோல் அத்தகையது.

2023இல் சீன நாட்டு ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், இந்தியக் கலப்புத் தொடரோட்ட அணி 3 நிமிடம் 14.34 விநாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றது. முகமது அஜ்மல், வித்யா ராம்ராஜ், ராஜேஷ் ரமேஷ் ஆகிய மூவரும் அணிக்குப் புதியவர். டோக்கியோவில் ஓடியவருள் எஞ்சியவர் சுபா ஒருவரே. கடைசிச் சுற்றில் கைத்தடியை ஏந்தி எல்லைக்கோட்டைக் கடந்தவரும் அவரே.