மழைக்கு முன் டிஷ் கேபிள் இணைப்பைப் பாதுகாப்போம்



ஐப்பசி பிறந்தால் நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அடைமழைக் காலம். "மழை விட்டு ரெண்டு நாளாச்சு அக்கா, இன்னும் டிவியில படம் வரல" என்ற பேச்சு அப்போதுதான் அதிகம். பழுது பார்க்க ஆள் வந்தால், "எல்.என்.பி. போயிடுச்சு, புதுசு போடணும்" என்று சொல்வதும் உண்டு. எல்.என்.பி. என்பது டிஷ் தட்டுக்கு முன்னால் கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி. அதுவும் கெடும்தான். ஆனால் அதற்குக் காசு கொடுக்கும் முன், அதில் கேபிள் சேரும் இடத்தை நாம் பார்த்தோமா?

2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய டி.டி. டைரக்ட் பிளஸ், இன்று டி.டி. ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் மாதக் கட்டணம் இல்லாமல் வருகிறது. கட்டணம் கட்டும் டிஷ்களும் ஊரெங்கும் உள்ளன. டிவி பொழுதுபோக்குக்கு மட்டுமல்ல. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, பிள்ளைகள் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் படித்தார்கள். புயல் செய்தியும் அதில்தான் பார்க்கிறோம். மழை நேரத்தில் தேவைப்படும் பொருள் மழையால் நின்றுபோகக் கூடாது.

மழையா, கோளாறா?

செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கனமழையில் மழைத்துளிகள் அதன் அலையை உறிஞ்சிவிடும். படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். மழை குறைந்ததும் தானே வரும். இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மழை விட்டு வெயில் அடித்தும் படம் வரவில்லை என்றால் இணைப்பைச் சந்தேகப்பட வேண்டும்.

தண்ணீர் என்ன செய்கிறது?

கேபிளின் நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதன்மேல் கம்பி வலை, வெளியே உறை. செட் டாப் பாக்ஸ் இந்தக் கேபிள் வழியாகத்தான் எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு சீக்கிரம் பச்சை பூத்துவிடும். பல டிஷ்களில் சில சேனல்கள் 13 வோல்ட்டிலும், மற்றவை 18 வோல்ட்டிலும் வருகின்றன. வோல்ட் குறைந்தால் சில சேனல் மட்டும் காணாமல் போவது இதனால்தான். உள்ளே போன தண்ணீர் வலை வழியாக இறங்கி, வீட்டுக்குள் இருக்கும் பாக்ஸ் வரைக்கும் வந்துவிடும்.

வேண்டிய பொருட்கள்

கேபிளுக்குப் பொருந்தும் புதுப் பின், தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், கறுப்பு இன்சுலேஷன் டேப், கத்தி, சின்ன ஸ்பேனர், துணி. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும்.

செய்யும் முறை

1. மழையும் இடியும் இல்லாத நாளில், ஈரம் காய்ந்த பிறகு செய்யுங்கள். முதலில் பாக்ஸின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

2. எல்.என்.பி.யில் இருந்து கேபிளைத் திருகிக் கழற்றுங்கள். நடுக்கம்பி பளிச்சென்று இருக்கிறதா? பச்சை, கறுப்பு, துரு தெரிந்தால் சுத்தமான கம்பி வரும் வரை வெட்டி எடுங்கள். ஓரிரு அடி வெட்டியும் ஈரம் இருந்தால் கேபிளையே மாற்றுவது நல்லது. வெளியில் நடுவே ஒட்டுப் போட வேண்டாம்.

3. புதுப் பின்னைப் போடுங்கள். வலையின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. கையால் இறுக்கி, ஸ்பேனரால் லேசாக ஒரு திருகு போதும்.

4. இணைப்பைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் பகுதியில் தூசி படிந்திருக்கும். தூசி மேல் டேப் பிடிக்காது.

5. ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்து, கேபிள் பக்கம் கீழே தொடங்கி மேலே சுற்றுங்கள். ஒரு சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்று ஏற வேண்டும். கூரைக்குக் கீற்று வேயும்போது இறவாரத்தில் தொடங்கி மேலே போகிறோம் அல்லவா, அதே கணக்குதான். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே வாங்கும்.

6. அதன்மேல் கறுப்பு டேப்பையும் இதேபோல் சுற்றுங்கள். இது ரப்பரை வெயிலில் இருந்து காக்கும். கறுப்பு டேப் மட்டும் போதாது. சித்திரை வெயிலில் பசை இளகி, ஓரம் பிரிந்துவிடும்.

7. சுவர் ஓட்டைக்குள் நுழையும் முன் கேபிள் கீழே தொங்கி, பிறகு மேலேறி உள்ளே போகட்டும். கையைத் தூக்கிக் கழுவினால் தண்ணீர் முழங்கையில் சொட்டுவதுபோல, மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். எல்.என்.பி. அருகிலும் இப்படி ஒரு வளைவு விடுங்கள். கேபிளை ஒடித்து மடிக்க வேண்டாம்.

இவை வேண்டாம்

எல்.என்.பி.யின் முகத்தில் உள்ள மூடியை டேப்பாலோ, பிளாஸ்டிக் பையாலோ மூடாதீர்கள். அதில் தங்கும் நீரே அலையைத் தடுக்கும். காடி வாடை அடிக்கும் சிலிக்கானை இணைப்பில் பூசாதீர்கள். அது செம்பை அரிக்கும். சுவர் ஓட்டையை சிமெண்ட் கொண்டு அடைக்கலாம்.

உயிர் முக்கியம்

ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் ஏறவே கூடாது, காலடியில் உடைந்துவிடும். அருகில் மின்கம்பி போனால், டிஷ்ஷைத் தொடாமல் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். தனியாக ஏறாதீர்கள். இடி மழை தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றி வையுங்கள். மின்னல் தொடங்கிய பின் கேபிளைத் தொட வேண்டாம்.

ஏற முடியாத வீடுகளில் ஆளை வைத்துச் செய்தாலும் பரவாயில்லை. "ரப்பர் டேப் போட்டீங்களா? கீழேயிருந்து சுத்தினீங்களா? வளைவு விட்டீங்களா?" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவரிடம் யாரும் வீண் செலவு வாங்க முடியாது.

குழுக் கூட்டத்தில் பேச

1. கடந்த மழையில் எத்தனை உறுப்பினர் வீட்டில் டிவி நின்றது? எவ்வளவு செலவானது?

2. ஒரு ரப்பர் டேப் சுருளைச் சேர்ந்து வாங்கி, பல வீடுகளுக்குப் பகிர்ந்துகொள்ளலாமா?

3. புரட்டாசி முடிவதற்குள் யார் யார் வீட்டு இணைப்பைப் பார்க்க வேண்டும்?