கணிப்பொறிகளுக்கு ஒரே கடிகாரம்

ஓர் அலுவலகத்தில் ஐந்து கணிப்பொறிகள் ஐந்து வெவ்வேறு நேரங்களைக் காட்டினால் விளைவது என்ன? விடை, வினாவுக்கு முன்பே வந்ததாகப் பதிவாகலாம். அந்நியர் ஒருவர் பிணையத்தில் அத்துமீறி நுழைந்தால், அவர் முதலில் தொட்டது எந்தப் பொறியை என்று கூற இயலாது. நேரம் பிசகினால் சான்றும் பிசகும்.

கணிப்பொறி, குவார்ட்ஸ் படிகம் ஒன்றின் அதிர்வுகளை எண்ணி நேரத்தைக் கணக்கிடுகிறது. வெப்பநிலை மாறினால் அதிர்வும் சிறிது மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை இருந்தாலே, 86,400 வினாடிகள் கொண்ட ஒரு நாளில் ஏறத்தாழ 1.7 வினாடியும், ஒரு மாதத்தில் 50 வினாடிக்கு மேலும் வேறுபாடு சேர்ந்துவிடும்.

இக்குறையைப் போக்கும் பிணைய நேர நெறிமுறையை டேவிட் மில்ஸ் 1985-இல் வெளியிட்டார். இதன்படி, கணிப்பொறி நம்பகமான நேர நிலையம் ஒன்றிடம் நேரத்தைக் கேட்கிறது. ஆனால் விடை வந்து சேர்வதற்கும் நேரம் ஆகுமன்றோ? ஆகவே நான்கு நேரங்கள் குறிக்கப்படுகின்றன: கேள்வி புறப்பட்டது, நிலையத்தை அடைந்தது, விடை புறப்பட்டது, திரும்பி வந்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கேள்வி புறப்பட்டபோது கணிப்பொறியின் கடிகாரம் 0 மில்லி வினாடி காட்டியது; விடை வந்தபோது 90. நிலையத்தின் கடிகாரப்படி கேள்வி சேர்ந்தது 2,040. விடை புறப்பட்டது 2,050. மொத்தம் 90-இல் நிலையத்தில் கழிந்த 10 போக, பயணத்திற்கு ஆனது 80. போக்கும் வரவும் சமம் எனக் கொண்டால், ஒரு வழிக்கு 40. ஆகவே கணிப்பொறி 2,000 மில்லி வினாடி, அதாவது 2 வினாடி பின்தங்கியுள்ளது. இரு வழிகளின் தாமதமும் சமமாக இல்லாவிடில் கணக்கில் பிழை நேரும். எனவே பல நிலையங்களைக் கேட்டு ஒப்பிடுவது நலம். சிறு வேறுபாடு எனில், கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே மாற்றிப் படிப்படியாகச் சரிசெய்வர். திடீரெனப் பின்னோக்கித் திருப்பினால் பதிவுகளின் வரிசை குலையும்.

இந்தியாவின் நேரத்தைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு பேணி வருகிறது. அந்த ஆய்வுக்கூடத்தின் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேர நிலையங்களுடனோ, அவற்றைப் பின்பற்றும் நிலையங்களுடனோ கணிப்பொறிகளை இணைக்க வேண்டுமெனச் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் ஆணையிட்டது. இவ்வாணை அரசு நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

இணைப்பை ஒருமுறை அமைத்தால் மட்டும் போதாது. அது தொடர்ந்து இயங்குகிறதா என்பதையும் அவ்வப்போது சோதித்தல் வேண்டும். பதிவேட்டில் உள்ள நேரம் நம்பத்தக்கதாக இருந்தால்தான் பதிவேடும் நம்பத்தக்கதாகும்.