மெலிந்த முயலைத் தேற்றுதல்

வீட்டில் வளரும் பிராணி ஒன்று மெலிந்துபோனால் அதற்கு வயிறார எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றுவது மனித சுபாவம். அந்தச் சுபாவத்தில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் முயலின் விஷயத்தில், அன்பினால் அவசரப்பட்டுக் கொடுக்கும் ஆகாரமே அதன் உயிருக்கு உலை வைத்துவிடும் என்பதைச் சொறிக்கல்முனையில் நெடுங்காலமாக முயல் வளர்த்துவரும் அனுபவத்தைக் கொண்டு சொல்லத் துணிகிறேன்.

என்னோடு படிப்பித்த கல்முனைக்குடி நண்பர் ஒருவர் குடும்பத்தோடு கொழும்புக்கு மாறிச் சென்றபோது, அங்கே மாடிவீட்டில் வைத்துக்கொள்ள இயலாத தம் மகளின் வெள்ளை முயலைக் கிட்டங்கித் தாம்போதி வழியாகக் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்தார். முழு வளர்ச்சியடைந்த பெட்டை. கலப்பினமாகையால் இரண்டு கிலோவாவது இருந்திருக்க வேண்டியது, தராசில் 1,300 கிராம்தான் காட்டியது. “என்ன குடுத்தாலும் உடம்பு வைக்குதில்ல சேர். பாண், சோறு, விசுக்கோத்து எல்லாம் குடுத்துப் பாத்துட்டம்” என்றார் நண்பரின் மனைவி. பக்கத்தில் கண் கலங்கி நின்ற சிறுமியிடம், “இனிப் பாண் வேணாம் மகள், புல்லைக் குடுத்துப் பாப்பம்” என்றேன்.

முயலின் மெலிவைக் கண்ணால் அளக்க முடியாது. அடர்ந்த ரோமம் எலும்பை மறைத்துவிடும். முதுகின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல வருட வேண்டும். நல்ல தேகமுள்ள முயலுக்கு முள்ளந்தண்டின் கணுக்கள் சதையின் கீழே உருண்டையாகத் தட்டுப்படும்; இந்தப் பெட்டைக்கோ அவை ஒவ்வொன்றும் கூர்மையாக விரலில் இடறின, இடுப்பெலும்பின் இரு முனைகளும் தோலைத் தள்ளிக்கொண்டு நின்றன. புல்லைக் கண்டதும் ஆவலோடு ஓடிவந்து, ஒரு தாளை வாயில் வாங்கி, இரண்டு மூன்று தடவை மென்று, பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு மீண்டும் ஆவலோடு பார்க்கும். மோவாயின் கீழ் ரோமம் எச்சிலில் நனைந்து பிசுபிசுத்திருந்தது. பசி இருக்கிறது, மெல்ல முடியவில்லை என்பதற்கு இவற்றைவிட வேறு சாட்சியம் தேவையில்லை.

முயலுக்கு இருபத்தெட்டுப் பற்கள். அத்தனையும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்து உண்ணும்போதுதான் அவை தேயும். மென்மையான பாணும் சோறும் தின்று வளர்ந்த முயலின் கடைவாய்ப் பற்கள் தேயாமல் ஓரங்களில் கூர்முனை கட்டி, கீழ்ப்பல் நாக்கையும் மேற்பல் கன்னத்தையும் கிழிக்கும். முன்பற்களைத்தான் நாம் உதட்டை விலக்கிப் பார்க்கலாம். கடைவாயைப் பார்ப்பதற்கு மிருக வைத்தியரின் கருவி வேண்டும். வைத்தியர் அந்த முனைகளைத் தேய்த்துச் சமப்படுத்திய பிறகே எங்கள் பெட்டை ஒழுங்காக உண்ணத் தொடங்கியது. அதற்கு முன் எந்தச் சத்துள்ள ஆகாரத்தைக் கொடுத்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திராது. ஆகவே மெலிவு என்பது வியாதியன்று, வியாதியின் அடையாளம் என்றே கொள்ள வேண்டும். பல் அல்லாவிட்டால் குடற்புழு, அல்லது ஈரமும் அழுக்கும் சேர்ந்த கூட்டில், முக்கியமாக மார்கழி மழையில், குட்டிகளைப் பீடிக்கும் கொக்சிடியா என்னும் ஒட்டுண்ணி. அதுவும் அல்லாவிட்டால் ஒரே கூட்டில் வலிய முயல் மெலிய முயலை உண்ண விடாது விரட்டுதல். கடைசிக் காரணத்துக்குத் தனித் தட்டும் தனிக் கூடுமே மருந்து.

முயலின் ஜீரண முறை நம்முடையதைப் போன்றதன்று. அதன் குருட்டுக்குடல் மிகப் பெரியது; அங்கே வாழும் நுண்ணுயிர்களே நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. அச்சத்து மென்மையான, பளபளப்பான தனிவகைப் புழுக்கையாக வெளிவர, முயல் அதை ஆசனவாயிலிலிருந்தே வாயில் வாங்கி விழுங்கிவிடும். இந்த வழக்கத்தை 1882ஆம் ஆண்டிலேயே மொரோ என்ற பிரெஞ்சு மிருக வைத்தியர் விவரித்திருக்கிறார். இதைக் கண்டு அருவருத்து முயலைத் தடுப்பவர்கள், அதன் புரதத்திலும் விற்றமினிலும் ஒரு பங்கைப் பறித்துவிடுகிறார்கள். மாப்பொருளும் சீனியும் அந்தக் குருட்டுக்குடலுக்குள் மிதமிஞ்சிப் போனால் தீய நுண்ணுயிர்கள் பெருகி, வாயுவும் விஷமும் உண்டாகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பாணும் விசுக்கோத்தும் வாழைப்பழமும் கொடுத்து உடம்பு தேற்ற முனைவது எவ்வளவு அபாயகரமானது என்பது இதிலிருந்தே விளங்கும்.

எனவே தேற்றுவதும் புல்லைக் கொண்டே ஆகவேண்டும். உலர்ந்த புல் எந்நேரமும், இரவிலும், கூட்டில் குறைவின்றி இருக்க வேண்டும். கினிப் புல்லையும் அறுகையும் வெட்டி நிழலில் உலர்த்தி நானே சேமித்துக்கொள்கிறேன். வைக்கோல் படுக்கைக்கு உதவும், சத்துக்கு உதவாது. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: கல்லோயா நீர் பாயும் நம் பக்கத்து வயல் வரம்புகளில் பெரும்போகம் தொடங்கியதும் பச்சைப்பசேலென்று வளரும் புல், களைநாசினியும் பூச்சிமருந்தும் பட்ட புல், அதை ஒருபோதும் அறுக்கலாகாது. வளவிலோ, மருந்து படாத தென்னந்தோட்டத்திலோ வளர்ந்ததே உத்தமம்.

அதன்மேல் கூட்டிக் கொடுக்க நம் மண்ணில் கிடைக்கும் சிறந்த பொருள் கச்சான் கொடி. கச்சான் பிடுங்கியபின் எஞ்சும் இலையும் தண்டும் புரதமும் கல்சியமும் நிறைந்தவை. மேலைநாட்டார் மெலிந்த முயலுக்குக் குதிரைமசால் கொடுப்பதற்கு ஒப்பானவை. ஈரமாகக் குவித்துப் பூஞ்சணம் பிடித்த கொடியை எறிந்துவிட வேண்டும், ஏனெனில் அந்தப் பூஞ்சணத்தின் விஷம் ஈரலைக் கெடுக்கும். கச்சான் பருப்பு கொழுப்பு மிகுந்தது, வேண்டாம். இதோடு ஒரு பிடி முருங்கை இலை, முயலுக்கென்று விற்கும் உருண்டைத் தீன் உடலின் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் அளவில், ஒரு தேக்கரண்டி ஓட்ஸ்: இவ்வளவே போதுமானது. எந்தப் புதிய பொருளையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், சிறுகச் சிறுகக் கூட்டி, ஒன்றிரண்டு கிழமைகள் சென்றபின்னரே முழு அளவுக்கு வர வேண்டும்.

முயல் தீன் கிடைக்காதபோது பலர் கோழித் தீனை அள்ளிப் போடுவதைக் காண்கிறேன். சில கோழித் தீன்களில் சேர்க்கும் சலினோமைசின் போன்ற மருந்துகள் முயலுக்கு நஞ்சு. அவ்வாறே, மருந்துக் கடையில் வாங்கிய அமொக்சிசிலினை வாய்வழியாகக் கொடுப்பதும் குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலைக் கொன்றுவிடும். நாய்க்குத் தெள்ளு மருந்தாகப் பூசும் ஃபிப்ரோனிலும் ஆகாது.

கிழமைக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், சமையல் தராசில் ஒரு கூடையை வைத்து நிறுத்து, எடையைக் கொப்பியில் எழுதிவைப்பது அவசியம். எடை மெதுவாக ஏறுவதே நலம். திடீரென வயிறு மட்டும் பெருத்தால் அது சதையன்று, வாயு அல்லது நோய். புழுக்கைகளையும் தினம் பார்க்க வேண்டும்: உருண்டு, உலர்ந்து, ஒரே அளவாக இருந்தால் குடல் ஒழுங்காக இயங்குகிறது, சிறுத்து, ரோமத்தால் கோத்தது போல் வந்தால் புல் போதவில்லை. தகரக் கூரையின் கீழ் வெக்கையில் கிடக்கும் முயல் உண்ணாது. கூட்டை மரநிழலுக்கு மாற்றிய பின்னரே எங்கள் பெட்டை பகலிலும் உண்ணப் பழகியது. பல் திருத்தம், புல், கச்சான் கொடி, நிழல் ஆகியவற்றால் அது காலப்போக்கில் இரண்டு கிலோவை எட்டியது.

முயல் வளர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் முயல் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள், வயிறு உப்பியிருக்கும்போது வாயில் எதையும் ஊட்டாதீர்கள், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.