ஊக்கத்தொகை: ஒரு சொல்லாராய்ச்சி

அன்றாட வழக்கிற் பயிலுஞ் சொற்கள் பலவற்றின் பொருளை யாம் நின்று நோக்குவதில்லை. ‘ஊக்கத்தொகை’ அத்தகையதொரு சொல். தேயிலைத் தோட்டத்திற் குறித்த நிறைக்கு மேற் கொய்த கொழுந்துக்குக் கிலோ வீதங் கொடுக்கும் மேலதிகப் பணமும், விற்பனையாளர் இலக்கைக் கடந்தவிடத்துப் பெறும் பணமும், அலுவலகத்தார் ‘ஊக்குவிப்புக் கொடுப்பனவு’ என எழுதுவதும் இதன்பாற் படும்.

இதன் எல்லையை அறிதற்கு அயற்சொற்களோடு ஒப்பிடல் வேண்டும். செய்த வேலைக்குப் பேசியபடி கொடுப்பது கூலி. வெற்றியைப் பாராட்டிக் கொடுப்பது பரிசு. கைம்மாறு கருதாது கொடுப்பது அன்பளிப்பு. கடமையிற் பிறழச் செய்தற்பொருட்டு மறைவிற் கொடுப்பது கைக்கூலி. ஊக்கத்தொகையோ, இனிச் செய்யவேண்டிய முயற்சியை நோக்கி, முன்னரே நிபந்தனை கூறி, வெளிப்படையாகக் கொடுக்கப்படுவது. ‘ஓட்டத்தில் முதலிடம் பெற்றவனுக்குக் கிண்ணம் பரிசாக வழங்கப்பட்டது’ என்பதும், ‘மாதம் முழுவதுந் தவறாது வேலைக்கு வருவோர்க்கு ஊக்கத்தொகை உண்டு’ என்பதும் பொருந்திய வழக்குகளாம்.

இனி, இச்சொல்லின் முதற்பகுதியை நோக்குவோம். திருக்குறளின் 60 ஆம் அதிகாரம் ‘ஊக்கமுடைமை’. ஊக்கம் அங்கே ஒருவன் தன்னகத்தே உடைய செல்வம். பிறர் அளந்து கொடுக்கும் பொருளன்று. ஊக்குதல் என்னும் வினைக்கு அசைத்தல், ஆட்டுதல் என்னும் பொருள்களும் உண்டு. கலித்தொகையில் ஊசலிலிருக்கும் பெண்ணொருத்தி, அவ்வழி வந்த இளைஞனிடந் தன்னைச் சிறிது ஆட்டிவிடுமாறு கேட்கின்றாள். அவ்வாறு ஆட்டிவிடுதலையே அப்பாட்டு ஊக்குதல் என்கின்றது. ஊஞ்சலாடியோர் யாவரும் இதன் நயத்தை அறிவர். முதலில் ஒருவர் தள்ளிவிட்டால் நன்று. பின்னர் ஆடுபவர் தாமே உந்தியாடல் வேண்டும்.

இலங்கை மாணவர் நன்கறிந்த பிறிதொரு சொல் ‘புலமைப்பரிசில்’. பண்டைப் புலவர் வள்ளல்களிடம் பெற்ற பரிசில் இன்று ஐந்தாந்தரப் பரீட்சையின் பெயரில் வாழ்கின்றது. பரிசில் விலையன்று என்பதைப் பெருஞ்சித்திரனார் காட்டினார். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாது கொடுத்த பொருளை அவர் ஏற்க மறுத்தமை புறநானூற்றிற் காணப்படும். தாம் வணிகரல்லர் என்றும், தகுதி அறிந்து பேணிக் கொடுப்பின் மிகச் சிறிதும் இனிதே என்றும் அவர் கருதினார்.

இக்கால உளவியலும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. 1973 இல் லெப்பர், கிறீன், நிஸ்பெற் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுடைய பாலரை மூன்று குழுவினராக வகுத்தனர். ஒரு குழுவினர்க்கு, வரைந்தாற் சான்றிதழ் கிடைக்குமென முன்னரே கூறினர். மற்றொரு குழுவினர்க்கு முன்கூறாது வரைந்தபின் வழங்கினர். மூன்றாங் குழுவினர்க்கு எதுவுங் கொடுத்திலர். சில நாள் கழித்து நோக்கியபோது, முன்கூறப்பெற்றவர் ஏனையோர் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதியளவே வரைதலிற் செலவிட்டனர். எதிர்பாராது பெற்றவர்க்கோ விருப்பங் குன்றவில்லை.

இதனால் ஊக்கத்தொகை தீது என்பது முடிபன்று. விருப்பமில்லாத கடும் பணிக்கு அது வேண்டற்பாலது. உழைப்போர்க்கு அது உரிமையுமாகும். ஆயின், முன்னமே உள்ளத்தில் எரியும் விளக்குக்கு விலை பேசுதல் ஆகாது. ‘முதலாம் பிள்ளையாய் வந்தால் சைக்கிள் வாங்கித் தருவேன்’ என்னும் பெற்றோரும், பரிசளிப்பு விழாவில் நூல்களை அடுக்கி வைக்கும் ஆசிரியரும் இதனைச் சிந்தித்தல் நன்று.

மாணவர்களே, பரிசு பெற்ற நூலை அலமாரியிற் பூட்டி வைத்தீரோ, படித்து முடித்தீரோ? உம்மை ஊக்கிய கை ஊஞ்சலை விட்டபின்னும் நீர் ஆடுகின்றீரா என்பதை அவ்வொரு வினாவே காட்டிவிடும்.